நாலு எண்ணும் வரைக்கும்

ஏழாம் வகுப்பில் பிளசியைப் போல அசையாமல் உட்கார வேறு எந்தப் பிள்ளைக்கும் வரவில்லை. கண்ணை மூடு என்றால் மற்றதுகள் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கும். முட்டியைச் சொறியும். கடிக்காத கொசுவை அடிக்கும். பிளசி மட்டும் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மடியில் வைத்து, கோயில் சுரூபம் மாதிரி இருப்பாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம், போகட்டும், இந்த ஒன்றாவது தேறிக்கொண்டு வருகிறது என்று சகாயராணி நினைத்துக்கொள்வாள்.

தேற வேண்டிய பிள்ளைதான் அது. ஐப்பசியில் அதன் தம்பி இனிகோ, நாலு வயது, அவர்கள் காட்டுப் பண்ணைக்குட்டையில் விழுந்து செத்துப்போனான். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க வெட்டுகிற குட்டை. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடாமல் இருக்க அடியிலும் சரிவிலும் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்திருப்பார்கள். தவறி இறங்கிய ஆடுகூட ஏற முடியாமல் வழுக்கி வழுக்கிச் சாகும். அன்றைக்கு அம்மா ராயம்மாள் பக்கத்து ஊரில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கக் கூலிக்குப் போயிருந்தாள். அப்பா செபாஸ்டின் நெல் அறுக்கிற வண்டியை ஓட்டிக்கொண்டு ஆந்திராவில் இருந்தான். தம்பியைப் பார்த்துக்கொள் என்று பிளசியிடம்தான் சொல்லியிருந்தது. பிளசி குட்டைக்குச் சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்.

அரூரிலிருந்து சித்தேரிக்குப் போகிற ரோட்டில், மலை ஏறுவதற்குச் சற்று முன்னால் இருக்கிற ஊர் அது. மாதா கோயிலை ஒட்டி நடுநிலைப் பள்ளி. சேலத்து அறக்கட்டளை ஒன்று பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்துக்காக 'அமைதி நேரம்' என்று ஒன்றைத் தொடங்கி, மூன்று நாள் பயிற்சி கொடுத்து, சகாயராணியை ஐந்து பள்ளிகளுக்கு அனுப்பியிருந்தது. இந்தப் பள்ளிக்குச் செவ்வாயும் வெள்ளியும். வட்டமாக உட்கார வைக்க வேண்டும். வெண்கலக் கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பிறகு மூச்சு. நாலு எண்ணும் வரைக்கும் இழு, நாலு எண்ணும் வரைக்கும் உள்ளேயே அடக்கி வை, நாலு எண்ணும் வரைக்கும் மெதுவாக விடு. மனசில் வந்து போவதைச் சும்மா பார். அவ்வளவுதான் பாடம்.

"மிஸ், மாதப்பன் மூச்ச உட மாட்டேங்கறான், வேற எதையோ உட்டுட்டான்" என்று ஒருத்தி மூக்கைப் பிடிப்பாள்.

"பொய்யிங்க மிஸ், அவதான்!"

"யார் உட்டாலும் சரி, அதையும் சும்மா பாருங்க" என்பாள் சகாயராணி. வகுப்பே உருளும். பிளசி அப்போதும் அசைய மாட்டாள்.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. கண்ணை மூடி உங்களுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள், அதைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுங்கள், பெயர் வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தாள். பாதிக்கு மேல் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள். கண்ணை மூடி உள்ளே பார் என்றால் அதுகளுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். ஃபாதரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் என்னென்ன பாவம் செய்தோம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பது. முதல் நற்கருணைக்குத் தயார்ப்படுத்தும் புதுநன்மை வகுப்பில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் முழுக்கப் பாவம். 'பூசையில் பேசினேன்.' 'தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஆம்லெட்டும் கறியும் தின்னேன்.' 'அத்தை பையில் பத்து ரூபாய் எடுத்தேன்.' மாரியம்மன் கோயிலுக்குப் போகிற மாதப்பன் பக்கத்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, 'நானும்' என்று மட்டும் எழுதிப் போட்டிருந்தான். கையெழுத்தைப் பார்த்தாலே யாருடையது என்று வகுப்பாசிரியைக்குத் தெரிந்தது.

பிளசியின் சீட்டில், 'இன்னைக்கு சரியா செய்யல. அடுத்த தடவை அதிகமா செய்வேன்' என்று இருந்தது.

சகாயராணியும் அதே மாதிரிப் புதுநன்மை வகுப்பில் வளர்ந்தவள்தான். சிரிப்பதற்கு அவளுக்குத் தெரிந்திருந்தது. யோசிப்பதற்குத் தெரியவில்லை. பிளசியின் சீட்டை மட்டும் தனியே எடுத்து வைத்து, ஆர்வமுள்ள பிள்ளை என்று அறிக்கையில் எழுதினாள். அடுத்தடுத்த அறிக்கைகளிலும் பிளசி வந்தாள். தம்பியைப் பறிகொடுத்த பிள்ளை, இப்போது அமைதியாக இருக்கிறது. தலைமையாசிரியை நிர்மலா டீச்சரும், "அழுகையே இல்லீங்க இப்பல்லாம்" என்று சாட்சி சொன்னார். சேலத்தில் திட்ட அலுவலர் அருள்குமாருக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பிள்ளை உட்கார்ந்திருப்பதை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள் மேடம் என்றான்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சகாயராணி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

போன் வழியாகப் பார்க்கும்போதுதான் ஒரே பிள்ளையை இவ்வளவு நேரம் விடாமல் பார்க்கிறோம் என்பது தெரிந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிளசியின் தோள் ஏறியது. இறங்கவில்லை. சகாயராணி வாயால் நாலு எண்ணினாள், விடச் சொன்னாள், மறுபடி இழுக்கச் சொன்னாள். பிளசியின் சட்டைக் கழுத்துப் பட்டன் இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெண்மதி கண்ணை மூடியபடியே தொடையில் விரலால் தட்டித் தட்டி எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். பிளசியின் உதட்டோரம் வெளுத்துவந்தது.

சகாயராணி போனைக் கீழே போட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தட்டினாள். பிள்ளைகள் கண்ணைத் திறந்தார்கள். கடைசியாக பிளசி வாயைத் திறந்தாள். தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவள் மாதிரி ஒரு இழுப்பு இழுத்தாள்.

"எவ்வளவுடி?" என்று வெண்மதியிடம் கேட்டாள்.

"எழுவத்தெட்டு."

வெண்மதியைத் தனியே கூப்பிட்டு விசாரித்ததில் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய சங்கதி என்றே அவளுக்குத் தோன்றவில்லை. "டெய்லியும் செய்வாளுங்க மிஸ். ஸ்கூல்ல, வூட்டுல, பஸ் ஸ்டாப்புல. நான் எண்ணுவேன். மொதல்ல முப்பதுதான் போனா. இப்ப சூப்பரா பண்றா."

அடுத்து பிளசியைப் புங்கமரத்தடிக்கு அழைத்துப்போனாள்.

"எதுக்குப் பாப்பா அப்பிடி அடக்கற?"

"நீங்கதானுங்க மிஸ் அடக்கச் சொன்னீங்க."

"நாலு எண்ற வரைக்கும்தான சொன்னேன்?"

பிளசி செருப்பு நுனியால் மண்ணைக் கீறினாள். கோபமோ அழுகையோ இல்லை. கணக்குப் பாடத்தில் விடை கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். "தம்பி எவ்வளவு நேரம் அடக்கியிருப்பான்னு பாக்கறேன். அவன் அடக்குன அளவுக்கு நானும் அடக்கணும்."

"யார் சொன்னது அப்பிடி?"

"யாரும் சொல்லல."

"ஃபாதர்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னியா?"

"சொன்னேன். நீ பாவமே பண்ணல பாப்பான்னாரு. அப்பறம் அஞ்சு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாரு." கீறிய கோட்டைக் காலால் அழித்தாள். "பாவம் இல்லன்னா அபராதம் எதுக்குங்க மிஸ்? பாவம்னா அஞ்சு எப்பிடிப் பத்தும்? வெண்மதியோட ஜியாமெட்ரி பாக்ஸ ஒளிச்சு வெச்சேன், அதுக்கும் அஞ்சுதான்."

சகாயராணிக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். வாய்க்கு வந்தது பொய்தான். "இங்க பாரு. உன் தம்பிக்கு உழும்போதே தலையில கல்லு பட்டு மயக்கம் வந்திருச்சாம். ஆஸ்பத்திரில டாக்டர் சொன்னாராம். மூச்சு முட்டறதெல்லாம் அவனுக்குத் தெரிஞ்சே இருக்காது."

பிளசி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர்களைப் பிள்ளைகள் இரக்கத்தோடு பார்ப்பது அபூர்வம். அப்படித்தான் பார்த்தாள்.

"அங்க கல்லே இல்லீங்க மிஸ். ஷீட்டுதான்."

அன்று சாயங்காலமே சகாயராணி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பிளசியின் வீட்டுக்குப் போனாள். ராயம்மாள் வாசலில் மஞ்சள் கிழங்கிலிருந்து வேரை அறுத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மஞ்சள். எழுந்து முகத்தைத் துடைத்து, உட்காரச் சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குறை சொல்ல முடியாத மரியாதை. சகாயராணி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தருமபுரியில மனநல டாக்டருங்க இருக்காங்க அக்கா. நானே கூட வர்றேன். ஒரு தடவ காட்டிட்டு வந்துரலாம்."

"பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டரு. ஊருல ஒரு கண்ணு பாத்தாலும் போதும், நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

"சரி, டாக்டர் வேண்டாம். நீங்க அவகிட்டப் பேசறதில்லையாமே."

"யாருங்க சொன்னது? சோறு போடறேன். துணி தொவைக்கறேன். தலையில பேன் பாக்கறேன்." கத்தியால் ஒரு கிழங்கை நறுக்கென்று வெட்டினாள். "பேச்சுதான் வரல."

"ஒரே ஒரு வார்த்த அக்கா. உன் மேல தப்பில்லன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அவ உட்டுருவா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா."

ராயம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாதுங்களா அது? பன்னெண்டு வயசுப் புள்ள. கொழந்தைய உட்டுட்டுப் போனது நானு. குட்டைக்கு வேலி போடலாம் போடலாம்னு ரெண்டு வருசமா சொல்லிட்டுப் போடாதது அவங்கப்பன். இவ மேல தப்பில்லன்னு என் வாயால சொல்லிட்டன்னா, அந்தத் தப்பு வேற எங்கீங்க போவும்? எங்கிட்டதான் வரும். என்னால தாங்க முடியாதுங்க மிஸ். அவ சின்னப் புள்ள, தாங்கிக்குவா."

இதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருக்க ஒன்றுமில்லை. தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுச் சகாயராணி எழுந்து வந்தாள்.

அருள்குமாருக்குப் போன் போட்டாள். அவன் நல்லவன்தான். பதறிப்போனான். "அடக்கற ஸ்டெப்பையே எடுத்துருங்க மேடம், எல்லா ஸ்கூல்லயும் எடுத்துரலாம். இது நம்ம லிமிட்ல வராது. ரெஃபர் பண்ணிடுங்க."

"யாருக்கு?"

"பேரண்ட்ஸ்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிட்டேன் சார். வர மாட்டேங்கறாங்க."

"அப்ப அதை டாகுமெண்ட் பண்ணிடுங்க மேடம்."

டாகுமெண்ட் பண்ணினாள். அடக்குவதையும் எடுத்துவிட்டாள். இழு, விடு. ஆனால் பிளசிக்கு இப்போது யார் சொல்லியும் ஆக வேண்டியதில்லை. வட்டத்தில் உட்கார்ந்து எல்லோரும் இழுத்து விட்டுக்கொண்டிருக்க, அவள் மட்டும் உள்ளே எங்கோ எழுபது, எண்பது என்று போய்க்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டால் விடுவாள். கையை எடுத்தால் மறுபடி தொடங்குவாள். வெண்மதியைக் கூப்பிட்டு, இனி நீ அவளுக்கு எண்ணினால் நிர்மலா டீச்சரிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியதில், அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது நின்றது. இருந்த ஒரு சிநேகிதமும் போயிற்று.

இப்படி ஒரு வாரம் போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டரில் வரும் வழியில் சகாயராணிக்கு அது தோன்றியது. வாய்விட்டு எண்ணுகிறவளால் மூச்சை அடக்க முடியாது. இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை நாள் எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"இன்னையிலருந்து பிளசிதான் நமக்கு எண்ணுவா" என்று வகுப்பில் சொன்னாள். "சத்தமா. கடைசி வரிசைக்குக் கேக்கணும்."

"அவ எண்ணுனா ரொம்ப ஸ்லோவா எண்ணுவா மிஸ், நாங்க செத்துருவோம்" என்றான் மாதப்பன். சொன்ன பிறகுதான் உறைத்தது போல நாக்கைக் கடித்தான். யாரும் சிரிக்கவில்லை.

பிளசி எழுந்து நின்றாள். முதலில் குரல் எழும்பவில்லை. பிறகு எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒவ்வொரு எண்ணுக்கும் மார்பு ஏறி இறங்கியது. எண்ணுவது கடிகாரம் மாதிரி சீராக இருந்தது. எவ்வளவு பழகிய எண்ணிக்கை என்பது சகாயராணிக்குத்தான் தெரியும். இருந்தாலும் மூச்சு வந்து போயிற்று. பத்து நிமிஷம் ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல மூச்சுவிட்டது. சகாயராணிக்கு அது போதுமாக இருந்தது.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. பிளசியின் முகத்தில் ஏதோ ஒரு வேலை கிடைத்தவளின் சுறுசுறுப்பு வந்திருந்தது. வேளைக்கு ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்றார் நிர்மலா டீச்சர். மதிய இடைவேளையில் வகுப்பிலேயே சுருண்டு கிடந்தவள் இப்போது வெளியே ஓடுகிறாள். எங்கே ஓடுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. ஓடுகிறாளே என்பதே பெரிதாக இருந்தது. அறிக்கையில் சகாயராணி முதல் தடவையாகக் கொஞ்சம் துணிந்து, 'முன்னேற்றம்' என்று எழுதினாள்.

பங்குனி பிறந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, அவள் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் அங்கன்வாடி தீர்த்தம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி.

"ஏம்மா, உங்க மூச்சு வித்தையெல்லாம் உங்க புள்ளைங்களோட வெச்சுக்கங்க. எங்க கொழந்தைங்கள எதுக்கு இழுக்கறீங்க?"

"என்னங்க ஆச்சு?"

"அந்த செபாஸ்டின் பொண்ணு. மத்தியானமானா வந்துரும். பாவம், தம்பி நெனப்புல கொழந்தைங்களோட வெளயாடுதுன்னு உட்டுட்டேன். பாத்தா எல்லாத்தையும் வரிசையா ஒக்கார வெச்சு, மூக்கப் பிடிச்சுக்கிட்டு அடக்கச் சொல்லி எண்ணிக்கிட்டு இருக்குது! யாரு ரொம்ப நேரம் அடக்கறாங்களோ அவங்களுக்குக் கடல முட்டாயாம். நேத்து ஒண்ணு மூஞ்சி செவந்து வாந்தி எடுத்துருச்சு. அதுங்கம்மா வந்து என் குடுமியப் புடிக்குது."

சகாயராணி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தாள். எண்ணச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். 

பிளசி தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் ஜக்கு கழுவிக்கொண்டிருந்தாள். சகாயராணியைப் பார்த்ததும் ஓடிவரவும் இல்லை, ஒளியவும் இல்லை. திட்டு விழும் என்று தெரிந்தே நின்றாள். திட்டுவதற்குச் சகாயராணிக்குத் தெம்பில்லை. குழாய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"எத்தன கொழந்தைங்கள வெச்சுப் பாத்த?"

"ஏழு பேருங்க மிஸ். நாலு வயசுக்காரங்க மட்டும்."

"எதுக்கு?"

"என் அளவு வேறீங்க மிஸ். நான் பெருசு. எழுவது எம்பது போறேன். அவன் சின்னவன், அவ்வளவு இருக்காதுன்னு தோணுச்சு. அதான்." பாவாடை நுனியில் கையைத் துடைத்தாள். "ஒவ்வொருத்தரையும் மூணு மூணு தடவ பாத்தேன். பதினொண்ணுக்கு மேல ஒருத்தரும் போவல."

பதினொன்று. சகாயராணி தனக்குள் எண்ணிப் பார்த்தாள். பிளசியின் வேகத்தில்தான் எண்ணினாள். எண்ணத் தொடங்கிய சற்றைக்கெல்லாம் முடிந்துவிட்டது. மார்பிலிருந்து ஏதோ இறங்கினாற்போல இருந்தது. இந்தப் பிள்ளையிடம் சொல்வதற்குப் பொய்யில்லாத ஒரு விஷயம் இத்தனை மாதத்தில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அதையும் இந்தப் பிள்ளையே தேடி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"பாத்தியா பாப்பா. பதினொண்ணுதான். எவ்வளவு சின்ன நேரம். அதுக்கப்பறம் அவனுக்கு ஒண்ணுமே இல்ல. நீ எழுவது எம்பதுன்னு உன்னையப் போட்டுக் கஷ்டப்படுத்திக்கிட்டயே, அவ்வளவெல்லாம் அவன் படவே இல்ல." பிளசியின் கையைப் பிடித்தாள். "இனிமே நீ அடக்க வேண்டியதே இல்ல. சரியா?"

"சரிங்க மிஸ்."

அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். சகாயராணி அவள் தலையைத் தடவினாள். பிளசி தலையைக் கொடுத்தாள்.

"இனிமே அடக்க மாட்டேங்க மிஸ். அது தப்புக் கணக்கு" என்றாள். "அவன் கூப்புட்டான். அக்கா, அக்கான்னு ரெண்டு தடவ. வெளயாடறான்னு நெனச்சுட்டேன். வீடியோ முடியட்டும்னு இருந்தேன்."

இது ஊரில் யாருக்கும் தெரியாத விஷயம். ஃபாதரிடமும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். சகாயராணியின் கை அவள் தலையிலேயே நின்றது.

"பதினொண்ணுன்னு தெரிஞ்சதும் நேத்து சாயங்காலம் காட்டுக்குப் போனேன். வேப்பமரத்துலருந்து குட்டை வரைக்கும் எண்ணிக்கிட்டே ஓடிப் பாத்தேன். மூணு தடவ ஓடுனேன். ஒரு தடவ செருப்பப் போட்டுக்கிட்டு."

சகாயராணி கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் சொல்லாமல் இருந்துவிடுவாள் என்று ஒரு கணம் நினைத்தாள்.

"ஒம்பதுல போயிட்டேங்க மிஸ். ரெண்டு மிச்சம் இருந்துச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் தீர்த்தம்மாள் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். குழாய்க்கு அடியில் வைத்திருந்த ஜக்கு நிரம்பி வழிந்தது. பிளசி எழுந்து போய்க் குழாயை மூடினாள். ஜக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏழாம் வகுப்பில் பெஞ்சுகளை ஒதுக்கி, தரையைக் கூட்டி, பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தாயிற்று. ஜன்னல் வழியே மாதப்பன், "மிஸ் வந்தாச்சு, மிஸ் வந்தாச்சு" என்று கத்தினான்.

"வாங்க மிஸ், நேரமாச்சு" என்றாள் பிளசி. "நான்தான எண்ணணும்."